கடலுக்கு இட்ட உரம்



வயலுக்கு உரமிடுவதுபோலக் கடலுக்கும் உரமிட்டால் என்ன? இவ்வாறு கேட்டவர் ஜோன் மார்ட்டின் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அரைக் கப்பல் இரும்பு தந்தால் பனியூழியையே வரவழைத்துக் காட்டுவதாக, 1988 ஆம் ஆண்டில் அவர் பாதி வேடிக்கையாகக் கூறினார். தென்சமுத்திரத்தில் ஏனைய சத்துக்கள் மிகுந்திருந்தும், இரும்புக் குறைவினால் நுண்ணிய அல்காக்கள் செழிப்பதில்லை. இரும்பை இட்டால் அவை பெருகும், காபனீரொட்சைட்டை உட்கொள்ளும், மடிந்து ஆழ்கடலில் அமிழும். அவற்றோடு காபனும் அமிழ்ந்துவிடும் என்பது கணக்கு.

கணக்கிற் பிழையில்லை. ஆனால் எந்த உயிர் பெருகும் என்பதை உரமிடுபவன் தீர்மானிக்க முடியுமா?

2009 ஆம் ஆண்டில் இந்திய, ஜேர்மன் விஞ்ஞானிகள் 'போலார்ஸ்ரேண்' என்னும் கப்பலிற் சென்று, தென்சமுத்திரத்தின் அத்திலாந்திக் பகுதியில் ஒரு நீர்ச்சுழியைத் தெரிந்தெடுத்தனர். 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் 6 தொன் இரும்பைக் கரைத்துவிட்டு, 39 நாட்கள் காத்திருந்து பார்த்தனர். 'லோகாபெக்ஸ்' என்பது இப்பரிசோதனையின் பெயர். ஹிந்தியில் 'லோஹா' என்றால் இரும்பு.

அல்காக்கள் பெருகத்தான் செய்தன. ஆயினும் எதிர்பார்த்த தயற்றங்கள் தலையெடுக்கவில்லை. தயற்றம் சிலிக்காவினால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். ஓட்டின் பாரத்தினால் விரைவில் அமிழக்கூடியது. அந்நீரிலோ, முன்னர் இயற்கையாகப் பெருகிய தயற்றங்கள் சிலிக்காவைத் தீர்த்துவிட்டிருந்தன. ஆகவே ஓடற்ற மென்மையான அல்காக்களே வளர்ந்தன. கடுகளவான விலங்குகள் கூட்டமாக வந்து அவற்றை மேய்ந்தன. அவற்றைக் கூனி போன்ற பெரிய உயிர்கள் உண்டன. உண்டவை சுவாசிக்க, காபனீரொட்சைட்டு மீண்டும் மேல்நீரிலேயே கலந்தது. ஆழத்துக்குச் சென்ற காபன் மிகச் சொற்பம். தோல்வி என்று சிலர் சொன்னார்கள். என் எண்ணத்தில், பல வெற்றிகளிலும் அதிகம் கற்பித்த தோல்வி அது.

தயற்றங்கள் பெருகினாலும் கவலை தீர்வதில்லை. அவை அமிழும்போது பற்றீரியங்கள் அவற்றைச் சிதைத்து, ஆழ்நீரின் ஒட்சிசனைச் செலவிடும். வேறொரு சங்கடமும் உண்டு. வட பசுபிக்கின் இரும்பு குறைந்த நீருக்கு இரும்பு சேர்த்துச் செய்த ஆய்வொன்று 2010 இல் வெளியாயிற்று. அங்கே பெருகிய ஒருவகைத் தயற்றம் டொமோயிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரந்தது. அந்த நஞ்சை உலகம் முன்னரே அறியும். 1987 இல் கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவிலிருந்து சென்ற சிப்பிகளை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் இறந்தனர். பிழைத்தவருட் சிலருக்கு ஞாபகசக்தி திரும்பவேயில்லை.