புயல் போன பிறகு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முன்கூட்டியே எச்சரித்தார்கள், மக்களை முகாம்களுக்கு மாற்றினார்கள். அதற்காக அரசைப் பாராட்டினோம். ஆனால் முகாமை விட்டு வீடு திரும்பியவர்களுக்கு வீடே இல்லை.

முழுதாக இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தார்கள். சாய்ந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? மாநில அரசு சுமார் 15,000 கோடி கேட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் மக்கள் சாலை மறியல் செய்ய வேண்டியிருந்தது.

கடல் நமக்குத் தூரம் என்று இருந்துவிடாதீர்கள். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. நமக்கு மாடி இருக்கிறது. நம் காவலாளிக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும்?

2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அட்டையில் முகவரி பழையதாக இருந்தால் அலைச்சல்தான். ஆகவே ஐப்பசி மழைக்கு முன், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். திருத்தம் இருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நிவாரணம் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்க அவர்களுடன் தாலுகா அலுவலகம் வரை போவது நம்மால் முடிந்த காரியம்.