நீலப் பொடியும் ஒரு நோட்டுப் பக்கமும்



திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய கடைகளில் பகவான் ரமணரின் வாசகங்கள் விற்பனைக்குக் கிடைக்கும். சாவிக்கொத்தில், நாட்காட்டியில், துணிப்பையில், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தில். ஒரு படம், கீழே நாலு வரி. அந்த நாலு வரியை எந்த வருஷம், யார் கேட்டதற்குச் சொன்னார் என்று விசாரித்தால் கடைக்காரர் சிரிப்பார். சாமி சொன்னதுதாங்க, வேறென்ன வேணும் என்பார்.

ஆனால் இதே ஊர் அருணாசல மலையில் அந்த வாசகங்கள் சேர்ந்த விதமே வேறு. 1902 வாக்கில் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து இளம் துறவி ரமணரிடம் கேள்விகள் கேட்டார். துறவி அப்போது வாய் திறந்து பேசுவதில்லை. பதிலை மணலில் விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார், துண்டுத் தாளில் எழுதினார். பிள்ளை அவற்றைப் பத்திரப்படுத்தினார். 'நான் யார்?' என்ற அந்தச் சிறு நூல் அச்சேறியது 1923-ல். மணலில் எழுதிய பதில் இருபது வருஷம் கழித்துப் புத்தகமானது, கேட்டவர் ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான். கேட்டவர் யார், எழுதியவர் யார், எந்தக் காலம் என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இன்னொரு நோட்டைப் பற்றி. ஆர்ட் ஜர்னல் என்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஸ்கிராப் புக்குக்குப் பெரியம்மா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் பூசி, படம் ஒட்டி, நடுவில் ஒரு வாசகம் எழுதுவது. அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் பலரும் கறுப்பின மக்களின் வரலாற்றுக்காக இப்படி ஒரு பக்கம் செய்கிறார்கள். கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-ல் ஒரு வார நினைவாகத் தொடங்கியது, 1976-ல் ஒரு மாதமானது. அதைப் பார்த்துத்தான் 2015-ல் இங்கே ஏப்ரல் மாதம் தலித் வரலாற்று மாதமானது. ஏப்ரல் 11 சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே பிறந்த நாள், 14 அம்பேத்கர் பிறந்த நாள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அந்த மாதத்தில் வானம் கலைத் திருவிழாவே நடத்துகிறது.

இரண்டு வரலாறுகளுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர்களுக்குப் புலே தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கிய ஆண்டு 1873. அம்பேத்கர் 1946-ல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், எங்கள் மக்களும் அப்படிச் செய்ய நினைக்கிறார்கள் என்பது விஷயம். டு பாய்ஸ் ஜூலை 31-ஆம் தேதி பதில் போட்டார். இரண்டு கடிதங்களும் இன்றும் இருக்கின்றன.

மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிறையப் படித்த இடம். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். கிங்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு தன் நாட்டு மக்களை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொண்டார். இதை அவர் சொன்னது 1965 ஜூலை 4-ஆம் தேதி, அட்லாண்டாவில் தம் தேவாலயத்துப் பிரசங்கத்தில். இந்தச் சம்பவத்தைப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் 'திருவனந்தபுரம், 1959' என்று மட்டும் போட்டால் பாதிதான் சரி. ஆறு வருஷம் கழித்து அவர் நினைவிலிருந்து சொன்னது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சரி, பக்கத்துக்கு வருவோம். தலித் வரலாற்று மாதத்துக்காக, நம் திருவண்ணாமலையை வைத்து ஒரு பக்கம். கெட்டித் தாள் நோட்டு வேண்டும். இல்லையென்றால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். அச்செழுத்து மறைய வெள்ளைப் போஸ்டர் கலரில் சிறிது ஃபெவிகால் கலந்து ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. முதல் பூச்சு இடவலமாக என்றால் இரண்டாவது மேலும் கீழுமாக.

மலைக்குக் காவி. கோலத்துக்குப் போடும் காவிப் பொடியே எடுப்பாக இருக்கும். தண்ணீரும் ஃபெவிகாலும் விட்டுக் குழையுங்கள். அது கரையாது, அடியில் தங்கும், ஒவ்வொரு தடவை தொடும்போதும் கலக்க வேண்டும். ஆசிரமத்திலிருந்து பார்த்தால் அருணாசலம் எப்படி நிற்கிறதோ அந்த வளைவை மட்டும் ஒரே இழுப்பில் இழுங்கள். பாறை, மரம் எல்லாம் வரையப் போனால் சுற்றுலா அட்டையாகிவிடும்.

வானத்துக்கு நீலம். துணிக்குப் போடும் நீலப் பொடி இருக்கிறதே, அதே. அம்பேத்கர் 1942-ல் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனின் கொடி நீலம். அந்த ஆண்டு ஜூலையில் நாக்பூர் மாநாட்டில்தான் அவருடைய மூன்று சொல் அறிவுரையும் வந்தது. நம் ஊர்ச் சுவர்களில் 'கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்' என்று பார்க்கிறோம். அன்று அவர் சொன்ன வரிசையில் கிளர்ச்சி இரண்டாவதாகவும் ஒன்றுசேர்வது கடைசியாகவும் இருந்தன. சுவரில் எழுதினவர்மேல் எனக்குக் குறை இல்லை. வெயிலில் ஏணிமேல் நின்று எழுதுகிறவரிடம் அடிக்குறிப்பு கேட்க முடியாது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

மலையடியில் சாலை வரும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை ஒரு கறுப்புக் கோடாகப் போட்டு, ஒரு முனையில் 1924 என்று எழுதுங்கள். அந்த ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரையும் தடுக்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. 1893-ல் 'பறையன்' என்று தம் பத்திரிகைக்கே பெயர் வைத்தவர் அவர். பிறகு தென்னாப்பிரிக்கா போய் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பியவர். பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் நடக்கிறோமே, அந்தக் கால்களுக்குக் கீழே அவர் பெயர் இருக்க வேண்டாமா?

கோட்டின் மறுமுனையில் 2023. கோயில் நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. ஆனாலும் இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30-ஆம் தேதி, கலெக்டரும் போலீஸும் கூட இருக்க. ஏறக்குறைய எண்பது வருஷத் தடை.

ஆசிரமத்துக்கும் இதில் ஒரு வரி உண்டு. பகவான் இருந்த காலத்திலேயே சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நடுவில் தடுப்பு. இரு பக்கத்தாருக்கும் தெரியும்படி அவர் உட்கார்ந்திருப்பார் என்று அந்தக் காலத்து அடியார்களே எழுதியிருக்கிறார்கள். மலையை வரைந்துவிட்டு இதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாலைக் கோட்டுக்கு மேலே பென்சிலில் சின்னதாக எழுதினால் போதும்.

இனி வாசகம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பக்கம் முழுக்கப் பொன்மொழி நிரப்பினால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை எழுதாதீர்கள். அம்பேத்கர் படத்துக்குக் கீழே, கிங் படத்துக்குக் கீழே அவர்கள் சொல்லாதது எவ்வளவோ சுற்றுகிறது. தங்களுக்காகப் பிறர் பேசுவதை ஆயுள் முழுக்க எதிர்த்துப் போராடியவர்களின் வாயில் நாம் ஒரு வரியைத் திணிப்பது மரியாதை ஆகாது. அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் தமிழில் தொகுதி தொகுதியாக நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) வெளியிட்டிருக்கிறது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நடத்திய அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்திருக்கிறார். நூலகத்தில் அவற்றை எடுத்து, வரியைக் கண்ணால் பார்த்து, பிறகு எழுதுங்கள். நிப் பேனாவும் கறுப்பு மையும் நீலத்தின்மேல் நன்றாக நிற்கும். முதலில் பென்சிலில் இடம் குறித்துக்கொள்ளுங்கள், நம் எழுத்துகள் நீளமானவை, கடைசிச் சொல்லுக்கு இடம் இருக்காது.

பக்கத்தின் பின்புறம் நூல் பெயர், ஆண்டு, பக்க எண். ஒரு ராத்திரி காயவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமலிருக்க நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.

அடுத்த பக்கத்துக்கு நான் மீனாம்பாள் சிவராஜைச் சொல்வேன். 1904-ல் ரங்கூனில் பிறந்தவர், சென்னையில் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனை நடத்திய பெண் தலைவர். நிறம் உங்கள் விருப்பம். அவர் பேசியதில் எந்த வரி என்பதைத் தேடி எடுக்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன். திருவண்ணாமலையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, அங்கே தொடங்கலாம்.