லாரியின் காவலனும் ஏவலனும் ஒற்றனும்

(நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

தமிழ் பயின்ற ஒருவன் லாரியின் மின்னமைப்பைப் பற்றிப் பேசப் புகுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயின், நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும், சங்ககிரி லாரிகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நம்மவர் பலர்க்குச் சோறிடுவன என்பதை மறுப்பார் யார்? கடன்பட்டு வாங்கிய பழைய வண்டி தீக்கிரையாயின், வண்டி போன பின்னும் தவணை நிற்பதில்லை. ஆதலின், அவ்வண்டியுள் உறையும் ஃபியூஸ், ரிலே, சென்சார் ஆகிய மூன்றனையும் முறையே காவலன், ஏவலன், ஒற்றன் என வகுத்து உரைக்க விழைகின்றேன்.

முதற்கண் காவலன். அளவு கடந்த மின்சாரம் பாயுங்கால் தான் உருகி வயரைக் காப்பது ஃபியூஸ். தகட்டு ஃபியூஸ்களில் நிறமே அளவைக் காட்டும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. லாரியின் மின்னழுத்தம் பெரும்பாலும் 24 வோல்ட். 70 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு எரியின் 140 வாட். அதனை 24ஆல் வகுக்க, ஏறத்தாழ 6 ஆம்பியர் ஆகும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அதற்குப் போதும். அது அடிக்கடி எரியுமாயின், எங்கோ தோலுரிந்த வயர் இரும்பைத் தொடுகின்றது. அன்றி, அழகு விளக்குகளையும் அவ்வயரிலேயே இணைத்துள்ளனர். காரணம் நாடாது செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பாரும் உளர். காவலனைக் கொன்று கள்வனுக்குக் கதவு திறத்தல் அது. அதன்பின் உருகுவது வயர், எரிவது வண்டி.

இனி ஏவலன். ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்சாரம் ரிலேயின் சுருளிற் பாய்ந்து அதனைக் காந்தமாக்கும். காந்தம் தகட்டை இழுக்க, பெரு மின்சாரம் ஹாரனுக்கோ விளக்குக்கோ செல்லும். அடியிலுள்ள 85, 86 சுருளின் முனைகள்; 30 பேட்டரியிலிருந்து வருவது; 87 விளக்குக்குச் செல்வது. ஐயமுறின், அதே வோல்ட்டும் அதே முனையமைப்பும் உடைய மற்றொரு ரிலேயை இட்டுப் பார்த்தல் எளிய சோதனை. காரின் 12 வோல்ட் ரிலேயை லாரியில் இடின் சுருள் கருகும்.

காவலனும் ஏவலனும் பெரும்பாலும் டாஷ்போர்டை ஒட்டிய பெட்டியில் இருப்பர். மூடியிலோ கையேட்டிலோ உள்ள படம் இடத்தைக் காட்டும். ஆயினும், பழைய வண்டி பலர் கைபட்டது. எனவே சோதனை விளக்கால் தொட்டறிந்து, பெயரெழுதி ஒட்டுதல் நன்று.

மூன்றாமவன் ஒற்றன். முற்காலத்து லாரிகளில் டீசலை அளந்து விட்டது இயந்திர பம்ப். பின்னர்ப் புகை விதிகள் இறுகின. 2017 ஏப்ரலில் நான்காம் பாரத் நிலையும், 2020 ஏப்ரலில் ஆறாம் நிலையும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளால் என்ஜினை ஆளும் கணினிப் பெட்டியும் அதற்குச் செய்தி கொணரும் சென்சார்களும் பெருகின. நீரின் சூட்டை உரைப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட் அருகில் இருக்கும். எண்ணெய் அழுத்தத்தை உரைப்பது என்ஜின் பிளாக்கில் இருக்கும். சூடு ஏற ஏற முன்னதன் மின்தடை குறையும். அதனாற் கணினி வெப்பத்தை அறியும். இடையில் வயர் அறுபடின் பொய்ச்செய்தியே சென்று சேரும்.

ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டறிக என்பது, ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறி. பட்டறைக் கருவி ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னவுடன் புதியது வாங்க ஓடற்க. முதலில் இணைப்பைக் கழற்றித் துடைமின்; பின் வயரையும் பாடி எர்த்தையும் மல்ட்டிமீட்டரால் அளமின். பலகால் குற்றம் அங்கேயே வெளிப்படும். சென்சாரின் விலையும் மிஞ்சும்.

இளைஞர்களே! வண்டியில் உரிய அளவுள்ள மாற்று ஃபியூஸ்களை எப்போதும் வைத்திருங்கள். வயரை வெட்டி ஒட்டுமுன் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். எரிந்த ஃபியூஸைக் கண்டால் அது எரிந்த காரணத்தை வினவிய பின்னரே புதியதை இடுங்கள். சில நாழிகை ஆராய்ச்சி ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும் என்று கூறி அமர்கின்றேன்.