காத்திருக்கும் நேரத்திற்குக் கூலி

வேலையில்லாத் திண்டாட்டம் என்றவுடன், ஆட்கள் அதிகம், வேலைகள் குறைவு என்ற எண்ணமே முதலில் எழுகின்றது. ஆள் எடுக்கும் முறையே திண்டாட்டத்தை உண்டாக்குவதும் உண்டு. இலண்டன் துறைமுகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்தில், அத்துறைமுக வாயில்களில் விடியற்காலையில் ஆட்கள் கூட்டமாக நிற்பர். மேற்பார்வையாளர் வேண்டியவர்களைப் பொறுக்கி எடுப்பார். எஞ்சியோர் வெறுங்கையுடன் திரும்புவர். 1889ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் மணிக்கு 6 பென்ஸ் கூலியைப் பெற்றுத் தந்தது என்றே பலரும் கூறுவர். ஆனால், அழைக்கப்பட்டவனுக்கு நான்கு மணி நேர வேலையாவது தரவேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் வாயிலில் காத்து நிற்கும் வழக்கம் ஒழியவில்லை.

அதன் காரணத்தை வில்லியம் பெவரிட்ஜ் 1909இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அவர் கருத்தை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஐந்து இறங்குதுறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாதாரண நாளில் 25 பேர் போதும். கப்பல்கள் நெருக்கும் நாளில் 40 பேர் வேண்டும். ஒவ்வொரு துறையும் அந்த நெருக்கடி நாளுக்காகத் தன் வாயிலில் 40 பேரை வைத்துக்கொள்ள விரும்புகின்றது. ஆகவே 200 பேர் நிற்கின்றனர். வேலையோ 125 பேருக்கே. ஐந்து துறைகளுக்கும் ஒரே நாளில் நெருக்கடி வருவது அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதிவேடு இருப்பின், ஏறக்குறைய 140 பேர் போதும். மற்றவர்களைப் பட்டினியில் காக்கவைப்பது முதலாளிக்குச் செலவில்லாத ஏற்பாடு. அச்செலவு அவர்கள் வீட்டு அடுப்பில் விழுகின்றது.

மீந்த 60 பேர் எங்கே போவது? தொழிலாளர் பதிவேட்டை ஐயத்துடன் நோக்கியதற்கு இதுவே காரணம். அந்த ஐயம் நியாயமானதே. அரைவயிற்றுக் கஞ்சியைப் பலர் பகிர்வதா, சிலர் வயிறார உண்பதா என்பது கணக்கால் மட்டும் தீர்வதன்று.

பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 1947இல் பிரித்தானியத் துறைமுகங்களில் தேசியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற தொழிலாளி வேலைக்கு வந்து நின்று, வேலை கிடைக்காது போயினும், அவனுக்கு ஒரு சிறு தொகை வழங்கப்பட்டது. 1967இல் நிரந்தர வேலைமுறையும் ஏற்பட்டது. அக்காலத்திலேயே பாரப்பெட்டிகளான கொள்கலன்கள் வந்தன; பலர் நாட்கணக்கில் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் சில மணி நேரத்தில் முடித்தன. உரிமை வந்தபோது தொழிலே சுருங்கிற்று. 1989இல் திட்டமும் நீக்கப்பட்டது.

இன்று வாயிலின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துள்ளது. வாடகை வண்டிச் சாரதி திரையை நோக்கி அழைப்பிற்காகக் காத்திருக்கிறார். தம் பகுதியில் செயலியைத் திறந்து வைத்து, சவாரியை ஏற்க ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று, ஊபர் நிறுவனத்தின் சாரதிகள் தொடர்ந்த வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது.