அட்வான்ஸ் நம் பணம் அல்ல

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதன்முதலாக ஒரு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சந்திக்கும் சிரமங்களைப் பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நம் மஹல்லாவில் இது பெரும் பணக்காரர்களின் விஷயம் அல்ல. இருபது வருடம் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர் மாடியில் ஒரு போர்ஷன் கட்டுகிறார். கணவரை இழந்த சகோதரி வீட்டின் பின்கட்டைத் தடுத்து ஒரு குடித்தனம் வைக்கிறார். அந்த வாடகையில்தான் மாத்திரை மருந்தும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் நடக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் பேசவில்லை. தப்புச் செய்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டு மாடியில் ஒரு ஹால், ஓர் அறை, சமையல்கட்டு என்று சிறிதாகக் கட்டினேன். கையிருப்பு, மனைவியின் நகை, ஒரு நண்பர் தந்த கைமாற்று எல்லாம் போட்டும் தரைக்கு டைல்ஸ் ஒட்டப் பணம் போதவில்லை. அந்த நேரத்தில் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீடு பார்க்க வந்தார். வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய் என்று பேசினோம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. "நீங்க சொன்னா சரி பாய்" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அவர் கொடுத்த 50,000 ரூபாய் மறுநாளே டைல்ஸ் கடைக்குப் போயிற்று.

இரண்டரை வருடம் இருந்தார். ஒரு மாதம்கூட வாடகை தவறவில்லை. பிறகு பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது என்று முறையாக ஒரு மாதம் முன்பே சொன்னார். என் கையில் பணம் இல்லை. "அடுத்த குடித்தனம் வரட்டும் தம்பி, வந்த உடனே தந்துடறேன்" என்றேன். அவருக்கோ புது வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கட்டியாக வேண்டும். என் வீட்டுக்கு ஆள் வர ஏழு வாரம் ஆயிற்று. அதன் பிறகும் வெள்ளையடித்த கூலி என்று 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன். "எதுக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க பாய்" என்று கேட்டார். என்னிடம் சொல்வதற்குக் கணக்கு எதுவும் இல்லை. "அதெல்லாம் வழக்கம்தாம்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து, அல்லாஹ்வின் கிருபையால் ஹஜ்ஜுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. புறப்படுவதற்கு முன் யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதச் சொன்னார் என் உஸ்தாது. கைமாற்று, மளிகைக் கடை பாக்கி எல்லாம் எழுதிக் காட்டினேன். "வாடகை விடறீங்களே, அட்வான்ஸ் பணம் எங்கே இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

பட்டறையைத் தேடிப் போய் 12,000 ரூபாயைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு வேற வழியில்லாம வீட்டுக்காரி தோட்டை அடகு வெச்சேன் பாய். மீட்க முடியல, முழுகிப் போச்சு." தோட்டுக்கு உண்டான தொகையையும் பிறகு இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஆனால் அது அந்தப் பெண்ணுக்குத் தாய் வீட்டில் போட்ட தோடு. அதற்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாது. அந்தப் பெண் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நல்லபடியா போயிட்டு வாங்க பாய்."

சகோதரர்களே, முதன்முறை வீடு விடுகிறவருக்கு வருகிற சிரமங்களில் பாதி, அட்வான்ஸைத் தன் பணமாக நினைப்பதில் தொடங்குகிறது. அது அமானிதம். நம்மிடம் ஒருவர் கொடுத்து வைத்திருப்பது. அதை வாங்கிய அன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் டைல்ஸ் ஒட்ட முடியாது என்றால், சிமெண்ட் தரையோடு விடுங்கள். வாடகை 500 ரூபாய் குறைந்தாலும் தூக்கம் வரும்.

சட்டமும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த பின், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். நம் ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பதைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறோம். வாங்குகிற தொகை பெரிதானால் திருப்பித் தருகிற நாளின் சுமையும் பெரிதாகும்.

அடுத்தது, எழுதிக்கொள்வது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். ஆனால் நாம் "நம்பிக்கை" என்று சொல்லி எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு நம்பிக்கையையும் இழந்து நிற்கிறோம். இப்போதைய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டால் பதிவு வேண்டியதில்லை என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர்க் கட்டணம், எந்தப் பழுதை யார் பார்ப்பது, காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்வது, வெள்ளையடிப்புக்குப் பிடிப்பதா இல்லையா, எல்லாம் அதில் வரட்டும். குடிவைக்கும் நாளிலேயே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாக வண்ணம் மங்குவது குடியிருந்தவர் செய்த சேதம் அல்ல. கதவை உடைத்தால் அது சேதம்.

மூன்றாவது, கணக்கு. மாதம் 6,500 என்றால் வருடத்துக்கு 78,000 என்று நான் மனக்கோட்டை கட்டினேன். அவர் போன பிறகு வந்த ஒரு வருடத்தில் வீடு பூட்டிக் கிடந்த நாட்கள், தரகர் கூலி, மோட்டார் பழுது, கழிவுநீர்த் தொட்டி, இரண்டு அரையாண்டு சொத்து வரி எல்லாம் போகக் கையில் நின்றது 52,000 ரூபாய்க்கும் குறைவு. ஆகவே பன்னிரண்டு மாத வாடகையை நம்பி எந்தச் செலவையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒன்பது மாத வாடகையை வருமானமாக வைத்துக்கொண்டு, மீதியைப் பழுதுக்கென்று ஒதுக்குங்கள்.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும். அந்தச் சுமையைக் குடித்தனக்காரர் தலையில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்தபடி வைக்கிறோம். வாரியத்துக்குக் கட்டியதைவிட அதிகமாக வசூலித்தால் அந்த மீதிக்கு என்ன பெயர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தனிக் குடித்தனத்துக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

ஒத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது, போகும்போது முழுத் தொகையையும் திருப்பித் தருவது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக வீட்டின் பயனை அனுபவிப்பதால் இதில் வட்டி கலக்கிறது என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கிறார்கள். அதோடு, மூன்று வருடம் கழித்து 5 லட்சத்தை ஒரே நாளில் எங்கிருந்து கொண்டு வருவது? வீட்டைக் காப்பாற்ற வாங்கிய ஒத்தியே வீட்டைக் கொண்டுபோவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இத்தனை நேரம் வீட்டுக்காரர் செய்கிற தப்பையே பேசினேன். வாடகை தராமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு. அந்த வாடகையை நம்பியே அடுப்பெரிக்கும் வயதான சகோதரிகள் கண்ணீரோடு இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தாதீர்கள், பூட்டும் போடாதீர்கள். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நிற்க நேரும். ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுங்கள். இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்திலும் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுக வழி இருக்கிறது. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒப்பந்தமும் ரசீதும்தான். நோயோ வேலையிழப்போ காரணமாகத் தர முடியாதவர் என்று தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நிதி இருக்கும்வரை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, முடிந்ததைச் செய்வோம்.

கடைசியாக ஒன்று. வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்கிறார்கள் என வருந்துகிறோம். அந்த வருத்தம் உண்மையானால், நம் வாசலில் வந்து நிற்பவரிடம் பெயரையும் ஊரையும் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. விசாரிக்க வேண்டியது அவருடைய வேலையையும் நடத்தையையும்தான்.

தமிழில் எழுதிய மாதிரி ஒப்பந்தப் படிவம் நம் அலுவலகத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் வந்தால் பதிவு செய்யவும் உதவுகிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக, உங்களிடம் குடியிருப்பவரின் அட்வான்ஸ் பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாத வாடகையிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் வருமானத்தை ஹலாலானதாகவும், நம் வீடுகளைக் குடியிருப்பவருக்கும் உடையவருக்கும் நிம்மதி தருபவையாகவும் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.