வந்த குடியும் வாழ்வித்த நாடும்

(கழுகுமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கூட்டங்களில் கம்மவார் குலத்தின் பெருமை பேசப்படுவது வழக்கம். காடு திருத்தினோம், கிணறு வெட்டினோம், ஊர் கண்டோம் என்பன நாம் கேட்டுப் பழகியவை. அவை பொய்யல்ல. ஆயினும், இந்நாட்டிற்குக் கொடுத்ததைக் கூறும் நாவு, இந்நாட்டினிடம் பெற்றதைக் கூறக் கூசுவதேன்? இன்று அதனையே பேசக் கருதுகிறேன்.

விஜயநகர வேந்தர் காலத்திலும், பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியிலும் தெலுங்கு தேசத்துக் குடிகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே வந்தனர். அப்பொழுது இது பாழ்வெளி அன்று. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து சமைத்த இம்மலையின் வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டினது. அதனருகே சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாக விளங்குகின்றன. கல்வியும் தொழிலும் தெய்வமும் நமக்கு முன்னரே இங்கு இருந்தன.

தெலுங்கு நாட்டிலும் கரிசல் உண்டாதலின், நம்மவர்க்கு மண் புதிதன்று, மழையே புதிது. அங்கே பெரும்பாலும் ஆனி ஆடியில் தொடங்கும் மழையை நம்பி விதைத்தவர், இங்கே ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருக்க வேண்டியவராயினர். அப்பருவத்தை இங்கிருந்தோரிடமன்றி வேறு யாரிடம் கற்றிருப்பர்? கோடையில் வெடித்துக் கிடக்கும் இம்மண், உண்ட நீரை உள்ளே காத்து, மழை நின்ற பின்னும் பருத்திக்கு ஊட்டும். இந்நாட்டாரின் குணமும் அத்தகையதே என்பது என் துணிபு. பேச்சில் கடுமை உண்டு. வந்தவனுக்குக் கம்பங்கூழ் இல்லையென்னும் வழக்கம் இல்லை.

மொழியையும் எண்ணுங்கள். நமக்கு வீட்டில் தெலுங்கு, ஏட்டில் தமிழ். நம்மைப் போலவே வடக்கிருந்து வந்த ரெட்டியார் குலத்தில் தோன்றிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், இக்கழுகுமலை முருகன்மீதே காவடிச்சிந்து பாடினார். இடைசெவல் கி. ராஜநாராயணன், கரிசல் ஜனங்களின் பேச்சுத் தமிழுக்கு அகராதி தொகுத்தார். நம்மவர் தெற்கே வலசை வந்த கதையை 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலாக்கியவரும் அவரே. நாம் வந்த கதையைச் சொல்வதற்கும் வந்த இடத்து மொழியே உதவிற்று!

இனிச் சற்றுக் கசப்பானதொரு விஷயம். நிலமளித்த அரசருக்கு நன்றி கூறுதல் எளிது; அவர்கள் இன்று கணக்குக் கேட்க வரமாட்டார்கள். நாம் வெட்டினோம் என்னும் கிணறுகளில், கரிசலுக்கு அடியிலுள்ள பாறையைப் பிளந்த கைகள் யாருடையவை? களையெடுத்தவரும் பருத்தி பறித்தவரும் யார்? அவர்களிற் பலரை அக்கிணற்றில் நீர் மொள்ள விடாத காலமும் இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது; சட்டம் வந்த பின்னரே வழிவிட்டவர் நம்முள் பலர். இதற்கு நன்றி என்று பெயரிடலாகாது.

இப்பொழுது ஒடிசா, பீகார் முதலிய தேசங்களிலிருந்து தொழிலாளர் தமிழ்நாட்டிற்கு வருகின்றனர். அவர்களை ‘வடக்கன்’ என்று நம் பிள்ளைகளும் இகழக் கேட்கிறேன். நாம் மட்டும் எத்திசையிலிருந்து வந்தோம்? சில நூற்றாண்டு முந்தி வந்தோம், அவ்வளவே வேற்றுமை.

ஆதலின் ஒரு பிரேரணை கொணர்கிறேன். நமது சங்கத்தின் கல்வி உதவித்தொகை நம் குலப்பிள்ளைகளுக்கு மாத்திரமே என்னும் விதியைத் திருத்தி, நம் காடுகளில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், வெளிதேசத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஆட்சேபிப்போர் தாராளமாய் ஆட்சேபிக்கலாம்; பதில் கூற ஆயத்தமாய் இருக்கிறேன். முதலில், வழிமொழிய ஒருவர் எழுந்திருக்குமாறு வேண்டுகிறேன்.