பெண்களின் கால்வலியைப் புறக்கணியாதீர்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சாலை, கிணறு, விதை, உரம் பற்றி அடிக்கடி கூடிப் பேசுகிறோம். வயலுக்கு நம்மைச் சுமந்து செல்லும் கால்களைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அதுபோலவே, காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், பாதத்திற்கு இரத்தம் போதாது. புகையிலை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, முதுமை ஆகியவை இதற்குக் காரணங்கள். நோய் முற்றினால் ஆறாத புண் உண்டாகும். சதை அழுகிக் காலையே இழக்கவும் நேரிடும்.

இந்நோய் இருபாலரையும் பற்றும். ஆனால் வெளிப்படும் விதம் பல சமயங்களில் வேறுபடுகிறது. ஆடவர் ஒருவர் வரப்பில் சற்று நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் தணிகிறது, நடந்தால் மீண்டும் வருகிறது. இவ்வடையாளம் மருத்துவருக்கு எளிதில் புலப்படும். பெண்களிடமோ இது தெளிவாகத் தோன்றாதிருப்பது அதிகம். கால் சோர்வு, கனம், நடைத் தளர்ச்சி என்ற அளவில் நின்றுவிடும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. 'வயதாகிவிட்டது, மூட்டு வாதம்' என்று அவரும் வீட்டாரும் இருந்துவிடுகின்றனர். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு ஆபத்து உயர்கிறது. அவர்களுடைய தமனிகளும் பொதுவாகச் சிறியவை. எனவே, நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருவது பெண்களிடையே மிகுதி.

இளம் வயது ஆடவரைப் பெரிதும் தாக்கும் வேறொரு நோயும் உண்டு. நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் 1908-ல் அதை விவரித்தார். பீடியும் சிகரெட்டும் அதன் முதற்காரணம். புகையிலையை அறவே விடுவதே அதற்குத் தலையாய சிகிச்சை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் தாய்மாரும், மெல்லும் புகையிலையும் தீங்கே என்பதை உணர வேண்டும்.

சோதனை எளிது. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். விடை 0.9 அல்லது அதற்கும் குறைவானால் தமனி குறுகியுள்ளது என்று கொள்வர்.

2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர். அவர்களிடம் வீட்டுப் பெண்களின் கால் நிலையையும் கூறுவோம். சர்க்கரை உள்ளவர் நாள்தோறும் பாதத்தைப் பார்க்கட்டும். செருப்பின்றி வயலில் நடக்க வேண்டாம். மரத்த காலுக்குச் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

அங்கத்தினர்களே! ஆறாத புண்ணோடு ஒரு தாய் வீட்டு மூலையில் கிடக்கக் கூடாது. பெண்களின் கால்வலியையும் கேட்டறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவோம் என்று அடுத்த கிராம சபையில் முடிவு செய்வோமாக.